தூண்டில் போடுவீர்களா?

எண்பதுகளின் அமெரிக்காவில் ஒரு ஹேர் டிரையர் வாங்கினால் பெட்டிக்குள் உத்தரவாத அட்டை ஒன்று கிடக்கும். வாங்கிய தேதியைக் கேட்டது சரி. அதற்குக் கீழே தூண்டில் போடுவீர்களா, கோல்ஃப் ஆடுவீர்களா, வீட்டு வருமானம் எவ்வளவு என்றெல்லாம் கட்டங்கள். முடி காய வைப்பதற்கும் மீன்பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்?

அட்டை போய்ச் சேரும் இடத்தில்தான் சம்பந்தம். அது முகவரிப் பட்டியல் தொழில் செய்யும் நிறுவனம். அங்கே ஒவ்வொரு டிக்கும் கணினியில் ஒரு நெடுவரிசை ஆகும். தூண்டில் விற்பவர் வந்து, மீன்பிடிப்பவர்கள் வேண்டும், அதிலும் சொந்த வீடு உள்ளவர்கள், அதிலும் அண்மையில் தபாலில் பொருள் வாங்கியவர்கள் என்பார். ஒவ்வொரு நிபந்தனைக்கும் பட்டியல் சுருங்கும். இவற்றில் கடைசி நிபந்தனைக்குத்தான் மதிப்பு அதிகம். கோல்ஃப் கட்டத்தில் ஆசைக்கு டிக் அடிப்பவர்கள் உண்டு. காசு கொடுத்து வாங்கியது பொய் சொல்லாது.

அட்டையை அனுப்பாதவர்களும் தப்பவில்லை. 1963இல் வந்த ‘ஜிப் கோடு’ என்ற அஞ்சல் குறியீட்டையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் சேர்த்து, எழுபதுகளில் ஜோனதன் ராபின் என்பவர் ‘பிரிஸம்’ என்ற முறையை உருவாக்கினார். நாட்டின் அக்கம்பக்கங்களை 40 வகையாகப் பிரித்து, ‘நீல ரத்த எஸ்டேட்’, ‘துப்பாக்கியும் பிக்கப்பும்’ என்று வகைக்கொரு பெயரும் வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எப்படியோ நீங்களும் அப்படியே என்பதுதான் இதன் அடிப்படை. முரட்டுக் கணக்குதான். வேட்டைக்காரர்கள் நிறைந்த தெருவில் குடியிருக்கும் புத்தகப் பிரியருக்கும் துப்பாக்கி விளம்பரம் வரும். ஆனால் நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினாலே லாபம் பார்க்கும் வியாபாரத்துக்கு அந்தக் கணக்கு போதும்.

பட்டியலைப் பெரும்பாலும் விற்பதில்லை. ஆயிரம் பெயருக்கு இவ்வளவு என்று ஒருமுறை பயன்படுத்த வாடகைக்கு விடுவார்கள். எடுத்தவர் இரண்டாம் முறையும் கடிதம் அனுப்பினால் எப்படித் தெரியும்? நடுவே சில போலிப் பெயர்களை விதைத்திருப்பார்கள். அந்த முகவரிகளுக்கு வரும் கடிதங்கள் பட்டியல்காரர் கைக்கே போகும். திருட்டு அங்கே பிடிபடும்.

ஆனால் 1990இல் மென்பொருள் நிறுவனமான லோட்டஸும் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸும் சுமார் 12 கோடி அமெரிக்கர்களின் விவரங்களைக் குறுவட்டில் போட்டுச் சிறு வியாபாரிகளுக்கு விற்கத் திட்டமிட்டன. பெயரும் முகவரியும் மட்டுமல்ல, வயது, வருமானம், வாங்கும் பழக்கம் பற்றிய மதிப்பீடுகளும் அதில் இருந்தன. தங்கள் பெயரை நீக்கச் சொல்லி சுமார் 30,000 பேர் எழுத, 1991 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது.

அட்டையோ ஆன்லைன் படிவமோ, அடுத்த முறை உங்கள் பொழுதுபோக்கைக் கேட்டால் அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்கள். உத்தரவாதத்துக்காகக் கடை ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.