சார்ந்ததன் வண்ணமாதல்

"நீ யார்?" என ஒருவனை வினவின், அவன் தன் பெயரைக் கூறுவான், பின்னர்த் தந்தை பெயரும், ஊரும், குலமும், தொழிலும், கற்ற கல்வியும் கூறுவான். இவற்றுள் எதனையும் அவன் தானே ஆக்கிக்கொண்டானல்லன். பெயர் பெற்றோர் இட்டது. ஊரும் குலமும் பிறந்தவழி வந்தன. மொழி தாய்வாய்க் கேட்டது. தொழிலும் கல்வியும் பிறர் பயிற்றியன. நாணத்தக்கது இது, பெருமைக்குரியது இது எனத் துணியும் உணர்ச்சியும் சூழ இருந்தார் முகக்குறிப்பிற் கற்றதேயாம். இவையனைத்தும் பிறர் தந்தனவாயின், அவனுக்கென எஞ்சுவது யாது?

இவ்வினாவிற்கு விடைகூறப் புகுந்தார் இருவகையாற் பிழைபடுவர். ஒருசாரார், மனிதன் சமுதாயம் செய்த பொருளேயன்றிப் பிறிதில்லை என்பர்; அவர்க்கு வீடுபேறு என்பதொன்று இல்லையாய் முடியும். மற்றொருசாரார், உயிர் எதனாலும் தாக்குண்ணாது தனித்து நிற்பது என்பர். அவர்க்குக் கல்வியும், நல்லினச் சேர்க்கையும், குருவருளும் பயனிலவாம். சைவசித்தாந்தம் இவ்விரண்டினையும் விலக்கி, சார்ந்ததன் வண்ணமாதலே உயிரின் இயல்பு எனத் துணியும்.

இதற்குப் படிகம் உவமையாகக் காட்டப்படும். செம்மலரின் அருகிற் கிடந்த படிகம் செந்நிறமாய்த் தோன்றும். மலரை அகற்றிய வழி அந்நிறமும் அகலும். அருகே கிடக்குங் கருங்கல்லோ அம்மலரின் நிறத்தைக் கொள்வதில்லை. ஆகவே நிறம் சார்பினது. நிறங்கோடற்குரிய தன்மை படிகத்தினது. இவ்வுவமை ஒருபுடை ஒப்புமையேயாம் என்க. படிகம் சடமாதலின் தான் சிவந்தமையை அறியாது. உயிர் அறிவுடைப் பொருள். ஆயினும் ஆணவமலத்தான் மறைப்புண்டமையின், தான் சார்ந்ததனையே தானென மயங்கி விடாது பற்றும். மாயையிற் றோன்றிய உடலும் கருவியும் உலகும் அம்மலவிருளைச் சிறிதே விலக்கும் விளக்குப்போல உதவுவன. ஊரும் மொழியும் ஒழுக்கமும் அவ்விளக்கின்பாற் படுவனவே. விளக்கை வெறுத்தலும் தகாது. விளக்கொளியையே பகலென மதித்தலும் தகாது.

மேனாட்டு ஆசிரியரும் இதனை ஒருபுடை கண்டனர். அமெரிக்க அறிஞராகிய கூலி என்பார் 1902இல் வெளியிட்ட நூலில், பிறர் தம்மை எவ்வாறு மதிக்கின்றனர் என எண்ணும் எண்ணத்தினின்றே ஒருவர்க்குத் தம்மைப் பற்றிய உணர்வு அமைகின்றது என்று கூறி, அதற்குக் கண்ணாடியை உவமையாக்கினார். மீடு என்பார், சமுதாயத் தொடர்பின்றித் 'தான்' என்னும் உணர்வே எழாதென்றார். அவர் விரிவுரைகள் அவர் மறைந்தபின் 1934இல் நூலாயின.

பிரெஞ்சு நாட்டு நிகழ்ச்சியொன்று ஈண்டு ஆராயற்பாலது. 1800இல், அவெரோன் என்னும் பகுதியில், காட்டிற் றனித்து வாழ்ந்த சிறுவன் ஒருவன் அகப்பட்டான். அவன் பேச்சறியான், மானமறியான். பாரிசு நகர மருத்துவராகிய இத்தார் என்பார் அவனுக்கு விக்டர் எனப் பெயரிட்டு, ஏறக்குறைய ஐந்தாண்டு பயிற்றினார். எழுத்திற் சில சொற்களை உணர்ந்தானேனும், 1828இல் இறக்குங்காறும் அவனுக்குப் பேச்சு வாய்த்திலது. கூட்டுறவு உரிய பருவத்து வாயாவிடின் உயிரின் அறிவு எத்துணைச் சுருங்கும் என்பதற்கு இது சான்றாம். 1920இல் மேதினிபுரிப் பக்கத்து ஓநாய்களிடைக் கண்டெடுக்கப்பட்டனர் எனப் பரவிய சிறுமியர் இருவர் கதையோ, பிற்கால ஆராய்ச்சியில் நம்பத்தகாததாயிற்று. ஆதலின் அதனைச் சான்றாகக் கோடல் கூடாது.

அற்றேல், உயிரின் தன்மையெல்லாம் சமுதாயத்தாற் செய்யப்பட்டதே என்பது பெறப்படுமாலோ எனின், அற்றன்று. அவ்விக்டரைப் பேணிய கெரேன் அம்மையாரின் கணவர் இறந்தபின்னும், அவன் வழக்கம்போல அவர்க்கும் உண்கலம் வைத்தான். அதுகண்டு அம்மையார் அழ, அவன் அக்கலத்தை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு, மீண்டும் அதனை வைத்திலன் என இத்தார் குறித்துள்ளார். சொல்லறியாதவன் பிறர் துயரை அறிந்தான். பயிற்சி விளக்கேற்றும், காணுங் கண்ணைப் படைக்கமாட்டாது. சார்பினால் விளங்குதல் வேறு, சார்பினாற் படைக்கப்படுதல் வேறு என இதனாற் றெளிக.

இனி, சிவஞானபோத எட்டாஞ் சூத்திரம் இதனை அரசிளங்குமரன் உவமையால் விளக்கும். வேடரிடை வளர்ந்த மன்னன் மகன், தன்னையும் வேடனென்றே கொண்டு, அவர் உண்பதுண்டு, அவர் அஞ்சுவது அஞ்சி வாழ்வான். மன்னன் வந்து 'நீ என் மகன்' என உணர்த்தியவழி, அவன் வேடர் சார்பு நீங்கித் தந்தையை அடைவான். அவ்வாறே ஐம்புலன்களாகிய வேடரிடைத் தன்னை மறந்த உயிர்க்கு, இறைவன் குருவடிவாய் வந்து உணர்த்துவன் என்பது கருத்து. சாங்கிய சூத்திரத்தும், பிருகதாரணியக உபநிடதத்திற்குச் சங்கரர் செய்த பாடியத்தும் இவ்வுவமை வரும். ஆயின் கருத்து வேறு. சங்கரர், உயிர் என்றும் பிரமமே என்பதற்கு இதனைக் காட்டினார். சித்தாந்தத்திலோ, மகன் தந்தையாகிவிடுவானல்லன். தந்தைக்கு உரியவனாய், அவனோடு பிரிப்பின்றி நிற்பான். மேலும், மகன் தானே தன்னை அறிந்துகொண்டிலன்; அறிந்தான் ஒருவன் அறிவித்தல் வேண்டிற்று.

வேடர் என்ற சொல் கொண்டு வேடர் குலத்தை இழித்துரைத்ததாகக் கருதுவார் உளராயின், அவர் கண்ணப்பர் வரலாற்றை நினைக. உடுப்பூரில் நாகனார்க்கு மகனாய்ப் பிறந்த திண்ணனார் காளத்தியிற் செய்த வழிபாடு முழுதும் வேடர் வாழ்க்கை கற்பித்த வடிவினது: வாயிற்கொண்ட நீர், தலையிற் செருகிய மலர், சுவைத்தறிந்த ஊன். ஆகமநெறி நின்ற சிவகோசரியார்க்கு அவை அருவருப்பாயின. செயலின் வடிவை இருவர்க்கும் அவரவர் பழக்கம் தந்தது. அன்பை எப்பழக்கமும் தந்ததன்று. ஆறாம் நாள் கண்ணை இடந்து அப்பிய அன்பிற்கு வேடர் குலத்தில் முன்மாதிரியும் இல்லை.

இழிவு கற்பித்தல் ஒன்றே உயிரை மறைப்பதன்று. பெருமை கற்பித்தலும் மறைக்கும். சகலாகம பண்டிதர் எனப் போற்றப்பட்ட அருணந்தியார், திருவெண்ணெய்நல்லூரில் இளையராகிய மெய்கண்டாரைக் கண்டு, ஆணவத்தின் இயல்பு யாதென வினவினார் என்றும், மெய்கண்டார் விடை கூறாது அவரையே அடிமுதல் முடிகாறும் நோக்கினார் என்றும் மரபு கூறும். உலகந் தந்த பட்டத்தைத் தாமெனக் கொண்டு நின்ற நிலையே அவ்வினாவிற்கு விடையாயிற்று. அதனை உணர்ந்து அடிபணிந்தமையாலன்றோ சிவஞான சித்தியார் தமிழுலகிற்குக் கிடைத்தது!

அஃதேல், தன்னை உணர்ந்தவன் எல்லாச் சார்பும் விட்டுத் தனித்திருத்தல் அமையுமோ எனின், அமையாது. சிவஞானபோதத்தின் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரம், ஞானம் பெற்றானையும் அடியாரொடு கூடுக, அவர் திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபடுக என்றே விதிக்கின்றது. சார்பின்றி நில்லாமை உயிரின் இயல்பாதலின், நற்சார்பு நீங்கிய இடத்துப் பழைய வாதனை வந்து பொருந்தும். எட்டாஞ் சூத்திரம் வேடரை நீங்குக என்றது; பன்னிரண்டாஞ் சூத்திரம் அன்பரைச் சேர்க என்றது. இரண்டும் ஒருவழி.

இதனாற் பெறப்படுங் கடன் பிறிதொன்றும் உளது. ஒவ்வோருயிரும் பிறவுயிர்க்குச் சார்பாய் நிற்கின்றது. தாழ்ந்தவன் நீ என ஒரு குழந்தைக்கு நாடோறும் உணர்த்தும் ஊர், அரசிளங்குமரனுக்கு வேடர் செய்ததனையே செய்கின்றது. அக்குழந்தை அச்சொல்லை நம்பித் தன்னை மறக்கும். அம்மறதிக்கு உரையாளரே பொறுப்பாவர். உயிர்கள் யாவும் இறைவனுக்கு உரியன என ஓதுவோர், தம் முன் நிற்பானை அவ்வாறே நோக்குதல் வேண்டும். அவன் தன்னை அறிதற்கு அந்நோக்கமே முதற்சார்பாதல் கூடும்.