கோபுரங்கள் உயர்ந்தன, தெரு அகலவில்லை

மும்பை ஆலை நிலங்களில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் திட்டம் இருந்தது. வட்டாரத்துக்கு இல்லை. அந்தப் பாடம் இப்போது தாராவிக்குத் தேவைப்படுகிறது.

2017 செப்டம்பர் 29, காலை பத்தரை மணி. மழைக்கு ஒதுங்கியவர்களும் ரயில்களிலிருந்து இறங்கியவர்களும் மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் குறுகிய நடைமேம்பாலத்தில் நெருக்கியடித்தார்கள். சில நிமிடங்களில் நெரிசல் 23 உயிர்களைக் குடித்துவிட்டது. மழை ஒரு காரணம்தான். ஆனால் தினமும் அந்தச் சிறிய பாலத்தை அத்தனை பேர் ஏன் நம்பியிருந்தார்கள்? விடை நிலையத்துக்கு வெளியே, பழைய பஞ்சாலைகளின் இடத்தில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களில் இருக்கிறது.

பரேல், லோயர் பரேல் வட்டாரம் ஒரு காலத்தில் ‘கிரண்காவ்’. மராத்தியில் ஆலைகளின் ஊர். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் மீளவே இல்லை. மிஞ்சியது நிலம்: ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள், ஏறக்குறைய 600 ஏக்கர்.

1991இல் வந்த விதி நியாயமாகவே இருந்தது. ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானம் போன்றவற்றுக்காக மாநகராட்சிக்கு, இன்னொரு பங்கு எளியவர்களின் வீடுகளுக்கு, மீதி உரிமையாளருக்கு. 1996இல் அரசு அமைத்த சார்லஸ் கோரியா குழு ஒரு படி மேலே போய், ஆலை நிலங்களைச் சேர்த்துத் திட்டமிடச் சொன்னது. அறிக்கை அலமாரிக்குப் போனது.

2001இல் விதி திருத்தப்பட்டது. கட்டடங்கள் நின்ற இடம் கணக்கில் வராது, காலி நிலத்தில் மட்டுமே பங்கு. உதாரணமாக 15 ஏக்கர் ஆலை ஒன்றில் 12 ஏக்கரில் கட்டடங்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய விதிப்படி மாநகராட்சிக்குச் சுமார் 5 ஏக்கர் கிடைக்கும். புதிய விதிப்படி ஒரே ஏக்கர். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று தொடுத்த பொதுநல வழக்கில் 2005இல் மும்பை உயர் நீதிமன்றம் மக்கள் பக்கம் நின்றது. 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

பிறகு வணிக வளாகங்கள், அலுவலகங்கள், அடுக்குமாடிகள் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் முளைத்தன. ஒவ்வொன்றும் தனித் தீவு; தனி வாசல், தனி பார்க்கிங். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம்தான். ஆனால் ஃபைல்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, ஒவ்வொன்றாகத் தேறுகின்றன. எல்லா வாசல்களும் திறக்கும் தெருவுக்கு மட்டும் ஃபைல் இல்லை.

அந்தத் தெருக்கள் வேறு ஒரு காலத்துக்காகப் போடப்பட்டவை. ஆலைத் தொழிலாளி பக்கத்து சாலில் குடியிருந்தார், சங்கு ஊதியதும் நடந்தே வேலைக்குப் போனார். இன்றைய ஊழியர் விராரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் ரயிலில் வருகிறார். காரில் வருபவரோ தெருவையே அடைத்துக்கொள்கிறார். மழைநீரை உறிஞ்சியிருக்கக்கூடிய திறந்த மண்ணும் கைநழுவியது. பரேலை அடுத்த ஹிந்த்மாதா பகுதியோ கனமழையில் குளமாகிப் பெயர் பெற்றது.

விபத்துக்குப் பிறகுதான் வேகம் வந்தது. ராணுவத்தை அழைத்துப் புதிய நடைமேம்பாலம் கட்டி 2018 பிப்ரவரியில் திறந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் லோயர் பரேலின் டிலைல் சாலைப் பாலம் பாதுகாப்பற்றது என்று மூடப்பட்டது. அது முழுமையாகத் திறக்க 2023 நவம்பர் ஆயிற்று. கோபுரங்கள் எழுந்த வேகம் பாலத்துக்கு வாய்க்கவில்லை.

பழங்கதை என்று இதை ஒதுக்க முடியாது. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் தாராவியின் மறுசீரமைப்பு ஏலத்தில் 2022இல் அதானி குழுமம் வென்றது. பரப்பு, கிட்டத்தட்ட அதே 600 ஏக்கர். பக்கத்தில் மித்தி ஆறு. 2005 ஜூலை 26 அன்று, ஒரே நாளில் சாந்தாகுருஸில் 944 மி.மீ. கொட்டியபோது அந்த ஆறு என்ன செய்தது என்பதை மும்பைவாசிகள் மறக்கவில்லை.

யாருக்கு வீடு, எத்தனை சதுர அடி என்ற கேள்விகள் அவசியமானவை. அவற்றோடு இன்னும் இரண்டைக் கேட்டாக வேண்டும். காலை ஒன்பது மணிக்கு இத்தனை பேரும் எந்த வழியாக எந்த ரயில் நிலையத்துக்கு நடப்பார்கள்? பெய்யும் மழை எங்கே போகும்? அஸ்திவாரம் தோண்டும் முன் கேட்டால் வரைபடத்தில் கோட்டை நகர்த்தினால் போதும். பிறகு கேட்டால் என்ன விலை என்பதை எல்ஃபின்ஸ்டன் பாலம் சொல்லிவிட்டது.