மூச்சில் கலக்கும் நகரம்

மனிதன் உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் உயிர்வாழக் கூடும். காற்றின்றிச் சில நிமிடங்களே வாழ இயலும். வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டருக்கும் மிகுதியான காற்றை உள்ளிழுக்கிறார். கெட்ட உணவை ஒதுக்கலாம். கலங்கிய நீரை வடிகட்டிக் காய்ச்சலாம். காற்றை அவ்வாறு தேர்ந்தெடுக்க வழியில்லை. தெருவில் எக்காற்று உள்ளதோ, அக்காற்றே நுரையீரலுக்குள்ளும் புகுகிறது.

இலண்டன் தந்த பாடம்

1952ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் இலண்டன் மாநகரை அடர்ந்த புகைமூட்டம் சூழ்ந்தது. கடுங்குளிரின் காரணமாக வீடுகள்தோறும் நிலக்கரி எரிக்கப்பட்டது. ஆலைகளும் மின்நிலையங்களும் புகையை உமிழ்ந்தன. நிலத்தை ஒட்டிய காற்று வெப்பமடைந்து மேலெழும்போது புகையும் உடன் எழுந்து கலைவது வழக்கம். அந்நாள்களில் குளிர்ந்த காற்று கீழேயும் வெப்பக் காற்று மேலேயும் அமைந்தன. காற்றின் ஓட்டமும் ஓய்ந்திருந்தது. மூடியிட்ட பாத்திரத்தில் அகப்பட்டதுபோலப் புகை ஐந்து நாள்கள் நகரிலேயே தங்கியது. வழக்கத்தைவிட ஏறத்தாழ 4,000 பேர் மிகுதியாக இறந்தனர் என அன்று கணக்கிடப்பட்டது. அவ்வெண்ணிக்கை 12,000 வரை இருக்கலாம் என்பது பிற்கால ஆய்வின் மதிப்பீடு. இத்துயரின் விளைவாக 1956இல் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது.

இத்தகைய புகைமூட்டம் குளிர்நாடுகளுக்கு மட்டும் உரியதன்று. 2018ஆம் ஆண்டு போகியன்று சென்னையில் எரிக்கப்பட்ட பொருள்களின் புகையும் மார்கழிப் பனியும் கலந்து பார்வையை மறைத்தமையால் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது.

துகள் சிறிது, தீங்கு பெரிது

மூச்சுப்பாதை தன்னைத்தானே காத்துக்கொள்ளும் அமைப்புடையது. மூக்கிலுள்ள மயிர்கள் பெரிய தூசியைத் தடுக்கின்றன. மூச்சுக்குழாயின் உட்புறத்தில் சுரக்கும் கோழையில் எஞ்சிய தூசி ஒட்டிக்கொள்கிறது. அங்குள்ள குறு இழைகள் ஓயாது அசைந்து அக்கோழையைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன.

2.5 மைக்ரோமீட்டரும் அதனினும் குறைந்த விட்டமும் உடைய நுண்துகள்கள் இக்காவலைக் கடந்துவிடுகின்றன. தலைமயிர் ஒன்றின் பருமனில் இவை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே ஆகும். வாகனப் புகை, நிலக்கரி, குப்பை எரிப்பு ஆகியவற்றிலிருந்து தோன்றும் இத்துகள்கள் நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை சென்று படிகின்றன. மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. இவை படியும் இடங்களில் அழற்சி உண்டாகிறது. வாகனங்கள் வெளியிடும் நைட்ரஜன் டை ஆக்சைடும், வாகனப் புகையின் மீது வெயில் படுவதால் உருவாகும் ஓசோனும் மூச்சுக்குழல்களை உறுத்துகின்றன. இதனால் ஆஸ்துமா உடையோர்க்கு மூச்சுத்திணறல் மிகுகிறது. பல்லாண்டுகள் இக்காற்றைச் சுவாசிப்போர்க்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயும் நுரையீரல் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் கூடுகிறது.

தெரிந்து தெளிவோம்

ஒரு கனமீட்டர் காற்றில் இந்நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைக் கடத்தல் ஆகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் விதிக்கப்பட்டுள்ள வரம்பு 40 மைக்ரோகிராம்.

வளரும் நுரையீரல்

நுரையீரல் பிறப்பிலேயே முழுமை பெறுவதில்லை; இளமைப் பருவம் முடியும் வரை வளர்கிறது. குழந்தைகள் தம் உடல் எடையை நோக்க, பெரியவர்களைவிட மிகுதியான காற்றை உள்ளிழுக்கின்றனர். ஆகவே, மாசு அவர்களை முதலில் தாக்குகிறது. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் பள்ளி மாணவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தனர். மாசு மிகுந்த ஊர்களில் வளர்ந்தோரின் நுரையீரல் வளர்ச்சி குறைந்திருந்தது. கடுமையான விதிகளால் அப்பகுதியின் காற்று தூய்மையடைந்த பின்னர் வளர்ந்த மாணவர்களிடம் நுரையீரலின் திறன் மேம்பட்டிருந்தது. காற்றைத் திருத்தினால் உடல்நலம் திருந்தும் என்பதற்கு இவ்வாய்வு சான்றாகும்.

பொதுவில் தீர்வு

முகக்கவசம் அணிதலும், மாசு மிகுந்த வேளைகளில் வெளியே செல்லாதிருத்தலும் ஓரளவு பயன் தரும். ஆயினும், சாலைச் சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலரும், நடைபாதையில் பூ விற்பவரும், ஆட்டோ ஓட்டுநரும் வெளியே செல்லாதிருக்க இயலுமா? புகையை மிகுதியாக உண்டாக்குவோர் ஒருவராகவும் அதனை மிகுதியாகச் சுவாசிப்போர் வேறொருவராகவும் இருப்பதே நகரக் காற்றின் அறச்சிக்கல்.

எனவே, தீர்வு பொதுவில் அமைதல் வேண்டும். இந்தியாவில் 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2019இல் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கப்பட்டது. உச்சநீதிமன்ற ஆணையால் தில்லியின் பொதுப் பேருந்துகள் 2002ஆம் ஆண்டு இறுதிக்குள் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறின. பொதுப் போக்குவரத்தைப் பெருக்குதல், குப்பையை எரிக்காது தரம்பிரித்தல், ஆலைகளின் புகையை அளந்து கட்டுப்படுத்துதல் ஆகியன தொடர்ந்து நிகழ வேண்டும். மருந்து ஒருவரின் மூச்சுத்திணறலைத் தணிக்கலாம். தூய காற்றோ நகரிலுள்ள அனைவரையும் காக்கும்.