கரிசல் பூமியில் வாலிபர் விளையாட்டு விழா

நம் கிராமங்களைக் காண அயல்நாட்டார் வருவது புதிதன்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு அத்தகையோர் பலர் வந்து சென்றுள்ளனர். இந்நாளில் அவர்கள் பெரும்பாலும் பொங்கலையொட்டி வருகின்றனர். சென்னையிலிருந்து தாமே ஆட்டோ ஓட்டிக்கொண்டு தென்கோடி நோக்கிப் புறப்படும் பயணிகள், தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரத்தில் இறங்கிப் பொங்கலிட்டு, ஊர் விளையாட்டுகளிலும் கலந்துகொண்டதுண்டு. 2025ஆம் ஆண்டு இறுதியில் இளையோர் உலகக் கோப்பை ஹாக்கிக்காக 24 நாட்டு அணிகள் சென்னையிலும் மதுரையிலும் ஆடின. மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் இடையே நூறு கிலோமீட்டரளவே தொலைவு. நம் ஊர் விழாவுக்கும் விருந்தினர் வரும் நாள் தூரத்தில் இல்லை.

விருந்தினர் வருகிறார் என்றதும் பந்தலையும் ஒலிபெருக்கியையும் பற்றியே பேச்சு எழும். முதலில் பார்க்கவேண்டியது மண்ணை. சாயர்புரத்தை அடுத்துத் தேரி மணல் உண்டு. மழை பெய்த மறுநாளே அதில் ஓடி ஆடலாம். கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் அப்படிப்பட்டதன்று. அதிலுள்ள களி நீரை உண்டு உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கால் வைத்தால் மண் காலோடு வரும். சித்திரையில் வெடிப்பினுள் பாதம் சிக்கி எலும்பு முறியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தை, மாசியே விளையாட்டுக்கு ஏற்ற பருவம். ஆனால் உளுந்தும் பாசிப்பயறும் களத்துக்கு வரும் பருவமும் அதுவே. ஊர்ப் பொதுக்களத்தில் பயற்றங்கொடி குவிந்திருக்கையில், அங்கே கோடு கிழித்துச் சடுகுடு ஆடுவதாக அறிவிப்பது வீண் மனத்தாங்கலுக்கே இடம் தரும். நாள் குறிக்குமுன் களத்தின் நிலையை விவசாயிகளிடம் கேட்டறிதல் வேண்டும்.

மைதானம் ஒன்றை நிலையாக அமைத்துக்கொள்வதே இதற்குத் தக்க வழி. இரண்டு வண்டி செம்மண்ணைக் கொட்டிப் பரப்பிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் உண்டு. அடுத்த மழையில் கரிசல் அதனை விழுங்கிவிடும். அடிமண்ணை முதலில் உருளையால் இறுக்கி, அதன்மேல் சரளை தடிப்பாக இட்டுத் திமிசு கட்டி, அதற்கும் மேல் செம்மண் பரப்புதல் வேண்டும். நடுப்பகுதி சற்று மேடாகவும் நாற்புறமும் வடிகாலுடனும் இருத்தல் அவசியம். நீர் தேங்காவிடில் கரிசல் உப்பாது. மைதானமும் நெடுநாள் நிற்கும்.

ஆடவர் சடுகுடு ஆட 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். ஹாக்கிக்கு 91 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும், சுற்றிலும் ஓட இடமும் சேர்த்து ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் தேவை. இதை எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர். செயற்கைப் புல்தரையும் சிறப்புப் பயிற்சி மையமும் அங்கு உள்ளன. அவ்வூர் மாரீஸ்வரனும், அம்மையத்தில் பயின்ற அரியலூர்க் கார்த்தியும் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைக்காக ஆடிய இந்திய அணியில் இடம்பெற்றனர். அவ்வணி வெண்கலம் வென்றது. சுற்றுவட்டாரச் சிறுவர்கள் அந்தப் புல்தரையை எட்டுமுன் பந்து நேராக உருளும் மண்தரையேனும் அவர்களுக்கு வேண்டாமா? மேடுபள்ளத்தில் எகிறும் பந்து பல்லைப் பெயர்த்துவிடும். பெற்றோரும் மறுநாள் பிள்ளையை அனுப்பமாட்டார்.

மைதானம் இல்லாத ஊரும் விழா நடத்தலாம். இளவட்டக்கல்லுக்குச் சிறிது இடமே போதும். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கல்தோறும் 45 கிலோ முதல் 129 கிலோ வரையிலான உருண்டைக் கற்களைத் தூக்குகின்றனர். குந்தி அமர்ந்து கல்லை அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொணர்ந்து, தோளைத் தாண்டிப் பின்னே போடவேண்டும். அங்கே பெண்களும் தூக்குகிறார்கள். கல்லைத் தூக்கியவனுக்கே பெண் கொடுத்த பழங்கதையை விருந்தினர் விரும்பிக் கேட்பர். இன்று பெண்ணே கல்லைத் தூக்குகிறாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சடுகுடுவுக்கோ விளக்கமே வேண்டியதில்லை. மூச்சுவிடாமல் பாடிச் சென்று தொட்டு மீளுவதை மொழி அறியாதவரும் ஓர் ஆட்டத்திற்குள் புரிந்துகொள்வர். கயிறிழுக்க அவர்களையும் அழைத்து, இருபுறமும் பிரித்து நிறுத்துங்கள். நாற்காலியில் உட்கார வைப்பதைவிட அதுவே நல்ல உபசாரம்.

அயலார் கண்ணுக்கு நம்மினும் விரைவில் படுவது ஒன்று உண்டு: யார் ஆடுகிறார், யார் வேலிக்கு வெளியே நிற்கிறார் என்பது. ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் ஆடும் விழாவை ஊர் விழா எனக் கூறுதல் பொருந்தாது. தெருவுக்கொரு அணி என்னாமல், சீட்டுப் போட்டு எல்லாத் தெரு வாலிபரையும் கலந்து அணி பிரித்தால், தோல்வி தெருப்பகையாக மாறுவதில்லை. 2024ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்ட பொருள்களும் அலுவலக அறையில் பூட்டிக் கிடத்தலாகாது. பெண்பிள்ளைகள் ஆட மாலையில் தனி நேரம் ஒதுக்குவதும் தேவையே.

இடம் எங்கே என்ற வினாவுக்கு விடை பல ஊர்களில் மந்தைப் புறம்போக்கே. அதன் எல்லை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைந்துவருவதை உறுப்பினர்கள் அறிவர். கிராம நிர்வாக அலுவலரையும் நில அளவரையும் அழைத்து அளந்து கல் நடும் வேலையை மார்கழிக்குள், சோளத்தட்டைப் படப்புகள் அங்கே வந்து ஏறுமுன், முடித்துக்கொள்வது எளிது.