நிற்கும் வண்டி, கரையும் பற்றரி

2020 மார்ச் 18ஆம் திகதி கொரோனாத் தொற்றால் புத்தளம், சிலாபம் பகுதிகளில் ஊரடங்கு போடப்பட்டது. இரண்டு நாட்களில் நாடே மூடப்பட்டது. முற்றத்திலும் வீதியோரத்திலும் விட்ட வண்டிகள் விட்ட இடத்திலேயே வாரக்கணக்கில் நின்றன. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் கியூ.ஆர். முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். ஓடிய நாட்களைவிட நின்ற நாட்களே அதிகம். இரண்டு முறையும் ஊர் திறந்தபோது பலருடைய சாவி திரும்பியது, வண்டி திரும்பவில்லை. பொனட்டுக்குள் ‘டக் டக்’ என்ற ஓசை மட்டும் கேட்டது. சில வண்டிகளில் அதுவும் இல்லை.

அந்தக் காலங்கள் கடந்துவிட்டாலும் இந்தப் புத்தளம் கரையில் வண்டிகள் வெளியில் நிற்பதற்குக் காரணங்கள் குறையவில்லை. மத்திய கிழக்கில் வேலை செய்பவரின் கார், அவர் விடுமுறைக்கு வரும்வரை தென்னை மரத்தடியில் நிற்கிறது. கற்பிட்டியில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுத் தீவுகளுக்குப் படகேறுபவர்கள் திரும்பி வர நாட்கள் ஆகும். தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் வான்கள் மணலில் நின்றபடியே இரவெல்லாம் விளக்கும் பாட்டுமாக இருக்கின்றன. ஓடாத பற்றரி ஓய்வெடுக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஓடித் தேய்வதைவிட, பாதிச் சார்ஜுடன் சும்மா நின்றே பற்றரிகள் வேகமாகப் பழுதாகின்றன.

பெட்டிக்குள் நடப்பது

வாகனங்களில் இன்றும் பெரும்பாலும் இருப்பது ஈய அமிலப் பற்றரி. மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய முதல் பற்றரி இதுதான். பிரான்சு நாட்டு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859இல் இதை உருவாக்கினார். அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912இல் கடிலக் கார்களில் வந்த பிறகு, கையால் சுழற்றி எஞ்சினை எழுப்பும் காலம் மறையத் தொடங்கியது. அன்றிலிருந்து காரும் பற்றரியும் பிரியாதவை.

12 வோல்ற்றுப் பற்றரி என்று நாம் சொல்வதற்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற்றுத் தரும். ஒவ்வோர் அறையிலும் நேர்த்தகடு ஈய ஈரொட்சைட்டு, எதிர்த்தகடு பஞ்சு போன்ற ஈயம். இரண்டும் நீர் கலந்த சல்பூரிக் அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. மின் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேற்றுப் படிகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது சல்பேற்றுக் கரைந்து தகடுகள் பழைய நிலைக்கு வருகின்றன, அமிலமும் செறிவடைகிறது.

இந்தப் போக்குவரவு ஒழுங்காக நடக்க ஒரு நிபந்தனை உண்டு. புதிதாகப் படிந்த சல்பேற்று மிக நுண்ணியது, சார்ஜ் ஏற்றினால் உடனே கரையும். அதை அப்படியே விட்டுவிட்டால், பாலாவி உப்பளத்துப் பாத்தியில் உப்பு பரல் பரலாகத் தடிப்பதுபோல அந்தத் துகள்களும் பெருத்து இறுகுகின்றன. பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் அவை முழுதாகக் கரைவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி என்றென்றைக்குமாக வேலையிழந்துவிடுகிறது. ‘பற்றரி பிடிக்குதில்லை’ என்று கராஜில் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிற்கும்போது மின் எங்கே போகிறது

முதல் வழி பற்றரிக்கு உள்ளேயே இருக்கிறது. எதையும் இணைக்காமல் வைத்தாலும் தகடுகளும் அமிலமும் மெல்ல வினைபுரிந்து சார்ஜைக் குறைத்துக்கொண்டே இருக்கும். இன்றைய கல்சியம் கலந்த ஈயத் தகட்டுப் பற்றரிகளில், 25 பாகை செல்சியஸ் அளவில், இது மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம்வரை. அந்திமனி கலந்த பழைய வகைகளில் இன்னும் அதிகம்.

இரண்டாவது வழி வண்டியின் வயர்கள். சாவியை எடுத்த பிறகும் கடிகாரம், கதவுப் பூட்டின் ரிமோட், அலாரம், எஞ்சின் கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின் குடிக்கின்றன. ஒழுங்கான காரில் இது 50 மில்லி அம்பியருக்குள் இருக்கும். அற்பமாகத் தோன்றும் இந்த அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மில்லி அம்பியர் 24 மணித்தியாலம் ஓடினால் 1.2 அம்பியர் மணி. 45 அம்பியர் மணிப் பற்றரியில் பாதி, 19 நாட்களில் முடிந்துவிடும். பின்னாளில் பொருத்திய ஜீ.பி.எஸ். கருவியோ கமெராவோ இருந்தால் நாட்கள் இன்னும் குறையும்.

மூன்றாவது வழி கடலோரத்துக்கே உரியது. காற்றில் வரும் உப்பும் தூசியும் பற்றரியின் மேல்மூடியில் படிந்து, இரவுப் பனியில் ஈரமாகின்றன. உப்பு ஈரம் மின்னைக் கடத்தும். இரண்டு முனைகளுக்கும் இடையே, மூடியின் மேலாகவே சிறிய ஒழுக்கு ஏற்படுகிறது. அதே உப்பு டேர்மினலையும், வண்டியின் உடலோடு இணையும் எர்த் வயரையும் அரிக்கிறது. இணைப்பு அரித்துவிட்டால், பற்றரியில் சார்ஜ் இருந்தும் ஸ்டார்ட்டருக்கு மின் போய்ச் சேராது.

குளிர் நாட்டு அறிவுரை இங்கே போதாது

பற்றரிப் பராமரிப்பு பற்றிய வெளிநாட்டுக் கையேடுகள் பெரும்பாலும் பனிக்காலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே குளிரில் எஞ்சின் கிளம்ப மறுப்பதுதான் தொல்லை. நம்மிடம் எதிரி வெப்பம். வெப்பநிலை 10 பாகை கூடும்போது பற்றரி தானாகச் சார்ஜ் இழக்கும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகிறது, ஆயுளோ ஏறத்தாழ பாதியாகிறது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் இந்தக் கரையில், நண்பகலில் மூடிய பொனட்டின் உட்புறம் வெளிக்காற்றைவிடப் பல பாகை கூடுதலாகச் சுடும். வெப்ப நாடுகளுக்கான பற்றரிகளில் அமிலச் செறிவைச் சற்றுக் குறைத்து நிரப்பும் வழக்கம் இதனால்தான் வந்தது. ‘இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்’ என்று ஒரு குளிர்நாட்டுக் கையேடு சொன்னால், புத்தளத்தில் அதை ஒரு மாதமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அளந்து பாருங்கள்

ஊகிக்கத் தேவையில்லை. சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று போதும். வண்டி குறைந்தது சில மணித்தியாலம் நின்ற பிறகு, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ற்றுக்கு மேல் என்றால் நிறைவு. 12.4 என்றால் முக்கால். 12.2 என்றால் பாதி. 12.0க்கு வந்துவிட்டால் கால்வாசிதான் மிச்சம், சல்பேற்று இறுகத் தொடங்கியிருக்கும். 12.4க்குக் கீழே இறங்க விடாதிருப்பதே நடைமுறைக்கு ஏற்ற எல்லை. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். குறைந்தால் ஒல்டனேட்டரைக் காட்டுங்கள்.

எது உதவும், எது உதவாது

வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைப்பதுதான் பரவலான வழக்கம். சும்மா நின்று ஓடும் எஞ்சினில் ஒல்டனேட்டர் 20 அம்பியரைப் பற்றரிக்குக் கொடுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் திரும்புவது 3 அம்பியர் மணி சொச்சம். ஒரு வாரத்தில் வயர்கள் வழியே மட்டும் போனது 8 அம்பியர் மணிக்கு மேல். எரிபொருள் செலவாகும், பற்றாக்குறை நீளும். ஸ்டார்ட் செய்வதென்றால் அரை மணித்தியாலமாவது வீதியில் ஓட்டுங்கள்.

செலவே இல்லாத வழி, எதிர்முனையின் வயரைக் கழற்றி வைப்பது. வயர்வழி இழப்பு உடனே நின்றுவிடும். எப்போதும் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், கடைசியில் பூட்டுங்கள். அப்படிச் செய்தால் ஸ்பானர் தவறி வண்டியின் உடலில் பட்டாலும் தீப்பொறி பறக்காது. பழைய லொறிக்கும் முச்சக்கரவண்டிக்கும் இது மிகப் பொருத்தம். புதிய கார்களில் அலாரம் நிற்கவும் சில அமைப்புகள் அழியவும் கூடும் என்பதால் கையேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டு மின் எட்டும் இடமென்றால், நிறைந்ததும் தானாகக் குறைத்துக்கொண்டு 13.5 வோல்ற்றை ஒட்டி நிற்கும் பராமரிப்புச் சார்ஜர் சிறந்தது. வயர் எட்டாத தோட்டத்திலும் கடற்கரையிலும் சோலார் பனல்தான் கைகொடுக்கும். 10 வாற்றுப் பனல் நல்ல வெயிலில் அரை அம்பியருக்குச் சற்று மேல் தரும். நாளில் ஐந்து மணித்தியால முழு வெயிலுக்கு 2.8 அம்பியர் மணி. தூசி, மேகம் என்று பாதியைக் கழித்தாலும், நாளுக்கு 1.2 போகும் வண்டியை அது தாங்கும்.

ஆனால் அந்தப் பனலை நேரே பற்றரியில் கொழுவாதீர்கள். 12 வோல்ற்றுப் பனல் என்று விற்பது சுமையில்லாதபோது 21, 22 வோல்ற்றுவரை ஏறும். பற்றரி நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டிருந்தால் நீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். இடையில் சார்ஜ் கொன்ட்ரோலர் வேண்டும், அது இரவில் மின் பின்னால் ஓடுவதையும் தடுக்கும். பற்றரி முனைக்கு அருகில் ஒரு பியூஸும் வேண்டும். சிகரட் லைட்டர் துளையில் செருகும் பனல் வாங்கினால், சாவியை எடுத்த பிறகும் அந்தத் துளையில் மின் இருக்கிறதா என்று பாருங்கள். பல கார்களில் இருக்காது, பனல் வீணாகக் காயும்.

தென்னந்தோட்டத்தில் இன்னொரு கவனம் தேவை. பனலின் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. ஓர் ஓலையின் நிழல் சில கலங்களை மறைத்தாலே முழுப் பனலின் மின்னும் சரிந்துவிடும். பற்றரிக்கு நிழல் நல்லது, பனலுக்கு வெயில் வேண்டும். ஆகவே வண்டியை நிழலில் விட்டு, பனலைச் சில மீற்றர் வயருடன் வெட்டவெளியில் வையுங்கள். மழை கழுவிப்போகும்படி சற்றே சரித்து, கச்சான் காற்று பெயர்க்காதபடி இறுகக் கட்டுங்கள். உப்புப் படலத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடையுங்கள்.

உப்பும் பாதுகாப்பும்

மாதம் ஒருமுறை மூடியையும் டேர்மினலையும் அப்பச்சோடாக் கரைசல் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, கிரீஸ் அல்லது வஸ்லீன் பூசுங்கள். கரைசல் அறைகளுக்குள் இறங்கக்கூடாது. மூடி திறக்கக்கூடிய வகையென்றால் பற்றரித் தண்ணீர் மட்டுமே ஊற்ற வேண்டும். உவர்ப்பான கிணற்று நீர் தகடுகளைக் கெடுக்கும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். காற்றோட்டமுள்ள இடத்தில், சிகரெட்டும் தீயும் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பெரிய பற்றரி இருப்பதால் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். கணினிகளை எழுப்புவது தனியான சிறிய 12 வோல்ற்றுப் பற்றரிதான். அது இறங்கினால் கார் அசையாது. செம்மஞ்சள் நிற உயர்மின் வயர்களை மட்டும் தொடவேண்டாம்.

பழுதான பற்றரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுக்காதீர்கள். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். கொட்டிய அமிலம் மண்ணையும் கிணற்றையும் நாசமாக்கும். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள்.

ஊருக்குப் போகுமுன் கதவைப் பூட்டுகிறோம், காஸ் மூடியதா என்று பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் இதையும் சேருங்கள்: பற்றரியை நிறைத்துவிட்டுப் புறப்படுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் என்றால் எதிர்முனையைக் கழற்றுங்கள் அல்லது பனலை இணையுங்கள். நிறைந்த நிலையில் நிற்கும் பற்றரி நெடுநாள் உழைக்கும். இறங்கிய நிலையில் மறந்துவிட்ட பற்றரியை எந்தச் சார்ஜராலும் பழையபடி ஆக்க முடியாது.