செத்தது டிஸ்க்கா, செல்லா?

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் இருக்கும் பாபநாசம் போன்ற ஊர்களில் ஜனங்கள் கம்ப்யூட்டரை முதலில் பார்த்தது பெரும்பாலும் டிடிபி கடையில்தான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்ப் புலவர் எழுதிய தலபுராண உரை எல்லாம் பேஜ்மேக்கரில் அடிக்கப்பட்டு அச்சகத்துக்குப் போயின. அப்படி உழைத்த 486-களும் பென்டியங்களும் இன்று பரணில் கிடக்கின்றன. பழைய ஃபைல் ஒன்று தேவைப்பட்டு, இறக்கித் துடைத்து ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: ஹார்டு டிஸ்க் இல்லை. "டிஸ்க் போச்சு" என்று வீட்டில் தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள்.

அவசரத் தீர்ப்பு அது. பழைய மெஷினில் குற்றவாளி பல சமயம் டிஸ்க்குக்கு வெளியே இருக்கும்.

முதல் சந்தேகம் மதர்போர்டில் இருக்கும் செல் மீது விழ வேண்டும். தேதியையும், எந்த அளவு டிஸ்க் மாட்டியிருக்கிறது என்ற விவரத்தையும் மின்சாரம் இல்லாதபோது நினைவில் வைத்திருப்பது அந்தச் செல்தான். அது தீர்ந்துபோனால் தேதி 1980-க்கு ஓடிவிடும். டிஸ்க்கையும் மெஷின் மறந்துவிடும். மெஷின் கிளம்பும்போது பாகங்களைத் தேடிப் பார்க்கும் நிரலுக்குப் பயாஸ் என்று பெயர். பிந்தைய பயாஸ்கள் டிஸ்க்கைத் தாமாகவே கண்டுபிடிக்கும். 386 காலத்து பயாஸுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்: சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனை, செக்டார் எத்தனை. சீகேட்டின் பிரபலமான எஸ்டி-225 என்றால் 615, 4, 17. மூன்றையும் பெருக்கி, ஒரு செக்டாருக்கு 512 பைட் என்று வைத்தால் 2 கோடியே 14 லட்சம் பைட். அக்காலத்து 20 எம்பி டிஸ்க் அதுதான். பல டிஸ்க்குகளில் இந்த எண்கள் மேலே ஒட்டிய லேபிளிலேயே அச்சாகியிருக்கும்.

இதில் ஒரு பொறி உண்டு. நார்மல், லார்ஜ், எல்பிஏ என்று பயாஸ் மூன்று முறைகளைக் காட்டும். அன்று எந்த முறையில் ஃபார்மேட் செய்தார்களோ, அதே முறையை இன்றும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் டிஸ்க் தெரியும், உள்ளே இருப்பது குப்பையாகத் தெரியும். "ஃபார்மேட் செய்யலாமா?" என்று அப்போது மெஷின் கேட்டால், ஆமாம் என்று சொல்லவே கூடாது.

செல்லில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. 1990-களின் முதல் பாதியில் வந்த பல போர்டுகளில் நாணய வடிவச் செல் கிடையாது. பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். வருஷக்கணக்கில் கிடந்தால் அது ஒழுகி, சுற்றியுள்ள செப்புக் கோடுகளை அரித்துவிடும். பச்சைப் பாசிபோல் ஏதாவது படர்ந்திருந்தால் பவர் கொடுக்கக் கூடாது. பேட்டரியை வெட்டி எடுத்து, வினிகர் தொட்டுத் துடைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிட்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை. டிஸ்க்குக்குப் போகும் நான்கு முள் பிளக்கில் மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. 3.5 அங்குல டிஸ்க்கில் மோட்டார் 12-ஐ நம்பி ஓடுகிறது, சில்லுகள் 5-ஐ நம்பி. மல்டிமீட்டரில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏற்ற இறக்கம் தெரிந்தால் டிஸ்க்கைத் திட்டிப் பயனில்லை. பிறகு கேபிள்: ஓரத்துச் சிவப்புக் கோடு முதல் பின் பக்கம் வர வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு டிஸ்க் இருந்தால் ஜம்பரில் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். இரண்டும் மாஸ்டர் என்று நின்றால் இரண்டுமே தெரியாமல் போகலாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் டிஸ்க் தெரியவில்லையா? இனி காதுக்குத்தான் வேலை. சீராகச் சுழலும் இரைச்சல் கேட்டால் நம்பிக்கை உண்டு. தாளம் தவறாமல் டக், டக் என்று அடித்தால் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிடுவது நல்லது. சத்தமே இல்லையென்றால் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். மழமழவென்று மெருகேற்றிய தட்டின் மேல் ஹெட் வருஷக்கணக்கில் அமர்ந்திருக்கிறது. எண்ணெய்ப் பூச்சும் ஈரமும் சேர்ந்து இரண்டையும் பிடித்துக்கொள்கின்றன. மோட்டாருக்கு இழுக்கத் தெம்பில்லை. நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் நிற்கிற ஊர் பாபநாசம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்காக மல்லுக்கட்டும் ஜனங்களுக்கு, மூடிவைத்த பொருளை ஈரம் என்ன செய்யும் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஒட்டிய டிஸ்க்குக்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. டிஸ்க்கைக் கிடைமட்டமாகக் கையில் பிடித்து, பவர் கொடுத்த கணத்தில் மணிக்கட்டால் சட்டென்று ஒரு திருகு. தட்டக் கூடாது, சுத்தியல் வேண்டவே வேண்டாம். சுழல ஆரம்பித்தால் வேண்டியதை நகலெடுத்து முடிக்கும்வரை அணைக்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். அடுத்த முறை கிளம்பும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் வைத்தியத்தையும் சிலர் சொல்வார்கள். டெல்டாவின் புழுக்கத்தில் குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்தால் நொடியில் வியர்க்கும். மூடியைத் திறந்து பார்ப்பதும் வேண்டாத வேலை. அந்தக் காலத்து டிஸ்க்குகளிலேயே தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒரு தூசி போதும்.

அப்படியானால் உடைந்த டிஸ்க்கில் எதுவும் மிஞ்சாதா என்றால், மிஞ்சும். கல்பனா சாவ்லா பயணம் செய்த கொலம்பியா விண்ணோடம் 2003 பிப்ரவரி 1-ம் தேதி சிதறியபோது, செனான் வாயு பற்றிய பரிசோதனைத் தகவல்கள் பதிந்திருந்த, சுமார் 400 எம்பி கொள்ளளவுள்ள சீகேட் டிஸ்க் ஒன்று கருகிய நிலையில் பூமியில் கிடைத்தது. கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் அதன் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறொரு டிரைவில் பொருத்தி, ஏறக்குறைய 99 சதவீதத் தகவலை மீட்டனர். டாஸ் இயங்குதளம் தகவலை டிஸ்க் முழுக்க இறைக்காமல் ஒருபக்கமாக எழுதியிருந்தது பெரிய உதவி. ஆய்வு முடிவுகள் 2008-ல் வெளியாயின. அது தூசியற்ற அறையில் வல்லுநர்கள் செய்த வேலை என்பதை மறக்க வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியது நகலெடுப்பது. மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் உள்ள ஐடிஇ வகை டிஸ்க் என்றால் யுஎஸ்பி அடாப்டர் வழியாக லினக்ஸ் கம்ப்யூட்டரில் மாட்டி, டிடி-ரெஸ்க்யூ என்ற இலவசச் செயலியால் செக்டார் செக்டாராக ஒரே பிம்பக் கோப்பாக எடுக்கலாம். நல்ல பகுதிகளை முதலில் வழித்தெடுத்துவிட்டு, மக்கர் செய்யும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருவது அதன் வழி. சிலிண்டர் கணக்கு மட்டுமே தெரிந்த மிகப் பழைய ஐடிஇ டிஸ்க்குகளை யுஎஸ்பி அடாப்டர் அடையாளம் காணாது. அவற்றை அந்தந்த மெஷினிலேயே வைத்துத்தான் படிக்க வேண்டும். அதற்கும் முந்தைய எம்எஃப்எம் வகையில் கன்ட்ரோலர் அட்டை தனியாக இருக்கும். டிஸ்க்கும் அட்டையும் ஜோடி, பிரித்துவிடக் கூடாது. ஸ்கேன்டிஸ்க்கையும் செக்டிஸ்க்கையும் மூல டிஸ்க்கின் மேல் ஓட்டுவது பெரும்பிழை. பழுது பார்க்கிறேன் என்று அவை எழுதத் தொடங்கிவிடும். பிம்பத்தின் இன்னொரு நகலில் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

மெஷின் மறுபடி ஓட வேண்டுமென்றால் பழைய டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, மலிவான அடாப்டரில் ஒரு காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டைச் செருகலாம். அந்தக் கார்டு பேசுவதும் ஐடிஇ பாஷைதான். ஆனால் 1990-களின் நடுப்பகுதிக்கு முந்தைய பயாஸ்கள் பல, 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டார் என்ற கணக்கைத் தாண்டாது. அதாவது 504 எம்பி. பெரிய கார்டு வாங்கினால் காசுதான் வீண்.

தமிழ் ஃபைல் என்றால் வேலை இத்தோடு முடியாது. மீட்டதைப் புது கம்ப்யூட்டரில் திறந்தால், பாமினி ஃபான்டில் 'தமிழ்' என்று அடித்தது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். டிஸ்க் பிழைத்தும் எழுத்து பிழைக்கவில்லை. அன்று ஒவ்வொரு ஃபான்டுக்கும் ஒரு குறியீடு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாப், டாம் குறியீடுகள் வந்தன. இணையத்தில் திஸ்கி புழங்கியது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல். நியூ ஹொரைசன் மீடியாவின் இலவச என்எச்எம் கன்வெர்ட்டர் இவற்றில் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தரும். மதுரைத் திட்டம் 1998-ல் தொடங்கியபோது ஏற்றிய பழைய நூல்களும் இப்படித்தான் பின்னர் யூனிகோடுக்கு மாறின. பேஜ்மேக்கர் கதை இன்னும் சிரமம். 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அது நின்றுபோனது. அந்த ஃபைலைத் திறக்க அதே மென்பொருளோ, இன்டிசைனின் பழைய பதிப்போ வேண்டும்.

ஆகவே நகலெடுக்கும்போது ஆவணங்களை மட்டும் பொறுக்காமல், விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் பேஜ்மேக்கர் ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஃபைல் எந்த ஃபான்டில் அடித்தது என்று அந்தக் கடையில் வேலை பார்த்தவருக்கு நினைவிருக்கும். கேட்டு எழுதி வையுங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.