பொறியியல் படித்துவிட்டு மருத்துவம் போகலாமா?

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை பள்ளிப்படிப்பை முடிக்கும் நேரத்தில் எழும் கேள்வி இது. ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குக் கேள்வியே விளங்காது. இந்தியாவில் பிளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். சேர்வதுதான் வழி. அங்கோ பெரும்பாலும் முதலில் நான்காண்டு இளநிலைப் பட்டம், அதன் பிறகுதான் நான்காண்டு மருத்துவக் கல்லூரி. அந்த முதல் பட்டம் இன்ன துறையில்தான் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொதுவாக இல்லை. எனவே பொறியியலும் படிக்கலாம்.

ஆனால் உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் ஆகிய பாடங்களைப் பெரும்பாலான கல்லூரிகள் எதிர்பார்க்கின்றன. கெமிக்கல், பயோமெடிக்கல் பிரிவுகளில் இவற்றில் பல பாடத்திட்டத்திலேயே வந்துவிடும். மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எடுத்தவர்கள் கரிம வேதியியலையும் உயிரியலையும் தனியாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். கோடை விடுமுறை அதற்கே போய்விடும்.

எம்கேட் நுழைவுத் தேர்வில் நான்கு பகுதிகள்; மதிப்பெண் 472 முதல் 528 வரை. இயற்பியல் கணக்குகள் பொறியியல் மாணவர்களை அவ்வளவாகப் பயமுறுத்தாது. உளவியல், சமூகவியல் கேள்விகளும், நீண்ட பத்திகளைப் படித்து விடையளிக்கும் பகுதியும்தான் பலரைத் தடுமாற வைக்கும். புத்தகம் வாசிக்கும் பழக்கத்தைச் சிறு வயதிலேயே ஏற்படுத்தினால் இங்கே கைகொடுக்கும்.

எங்கள் பார்வையில் உண்மையான ஆபத்து ஜி.பி.ஏ.தான். விண்ணப்பத்தில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதப் பாடங்களுக்குத் தனிச் சராசரி கணக்கிடுகிறார்கள். தெர்மோடைனமிக்ஸ் போன்ற பொறியியல் பாடங்கள் பொதுவாக அதில் சேராது. மொத்தச் சராசரியில் மட்டும் சேரும். கடினமான பாடம் என்பதற்காகக் குறைந்த மதிப்பெண்ணைத் தாராளமாக மன்னித்துவிடுவார்கள் என்று நம்பி இறங்க வேண்டாம். பொறியியலில் மெய்யான ஆர்வம் உள்ள பிள்ளைக்கு மட்டுமே இந்த வழி சரி. அப்படிப்பட்ட பிள்ளைக்கு, மருத்துவ இடம் கிடைக்காமல் போனாலும் கையில் வேலைக்கான பட்டம் இருக்கும். இது சிறிய விஷயமல்ல.

இரண்டையும் இணைத்தே கற்பிக்கும் கல்லூரிகளும் வந்துவிட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் இல்லினாய் மருத்துவக் கல்லூரி 2018-இல் முதல் அணியைச் சேர்த்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஹூஸ்டனில் நடத்தும் என்மெட் திட்டத்தில் எம்.டி. பட்டத்தோடு பொறியியல் முதுகலையும் கிடைக்கிறது.

செலவு விஷயத்தை முன்கூட்டியே பேசிவிடுங்கள். மருத்துவப் படிப்புக்கான அரசுக் கடனில் பணம் கைக்கு வந்த நாள் முதலே வட்டி ஏறத் தொடங்கும். வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் சேமிப்பையும் உதவித்தொகைகளையும் முதலாண்டிலேயே கணக்கிட வேண்டும். ஊரிலிருந்து மாணவர் விசாவில் பிள்ளையை அனுப்ப நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பல அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதேயில்லை, அந்த அரசுக் கடனும் அவர்களுக்குக் கிடையாது.